எட்டுப் பேருக்கு ஒன்பது அடுப்பு

முகாம் (எந்த ஊர் என்று எழுதக் கூடாது)
1916 ஆகஸ்டு 6

என்னைத் தூக்கி வளர்த்த அண்ணி பகவந்திக்கும், பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணா சுபேதார் காளிகா பிரசாதுக்கும் சிப்பாய் பிந்தாதீனின் நமஸ்காரம். விந்தியாசலத்து அம்மன் தயவில் நான் நலம். அண்ணாவின் கண் எப்படி இருக்கிறது? உங்கள் பெண் சுக்தேயி வளர்ந்துவிட்டாளா, இன்னும் மரம் ஏறுகிறாளா?

இங்கே ஆறு உண்டு, பேரீச்சை உண்டு, மணல் உண்டு. இதற்கு மேல் எழுதினால் கடிதங்களைப் பார்வையிடும் சாகேப் மையால் அடித்துவிடுவார். அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். அதில் யுத்த ரகசியம் ஒன்றுமில்லை.

அண்ணா, உங்களுக்குப் பர்மாவில் மழை எதிரி, எங்களுக்கு மணல். உடுப்பைக் கழற்றி, குளித்து, வேட்டியோடு உட்கார்ந்து, சுற்றிக் கோடு கிழித்து மாவைப் பிசைந்தால், காற்று ஒரு பிடி மணலை அள்ளி அதில் போடுகிறது. பிசைந்து பிசைந்து என் மணிக்கட்டு தேய்கிறது. நேற்று ஒரு கோவேறு கழுதை என் கோட்டுக்குள் கால் வைத்துவிட்டது. சமையல் தீட்டா இல்லையா என்று பெரிய வாதம் நடந்தது. முடிவு தெரிவதற்குள் கழுதையே ரொட்டியைத் தின்றுவிட்டது. நான் கடலையைக் கொறித்துவிட்டுக் காவலுக்குப் போனேன்.

நம் பட்டாளத்தில் இருக்கும் டில்லிப் பக்கத்துக் கௌடப் பிராமணர்கள் கன்னோஜியப் பிராமணர்களான நம்மைக் கேலி செய்தே வயிறு வளர்க்கிறார்கள். அதில் ஹர்பூல் என்று ஒருவன் என்னிடம், "எட்டு கன்னோஜியருக்கு ஒன்பது அடுப்பாமே, அந்த ஒன்பதாவது எதுக்கு?" என்றான். நெருப்புக்கு, நாங்கள் ஒருவன் அடுப்பிலிருந்து இன்னொருவன் நெருப்புக்கூட எடுக்கமாட்டோம் என்றேன். "அப்போ சண்டையில செத்தா ஒரே சிதையில அடுக்கலாமா, அதுக்கும் தனித்தனியா?" என்றான்.  இதற்கு அண்ணாதான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் பிள்ளை போன்ற,
பிந்தாதீன் அவஸ்தி


சுமேர்கேடா, உன்னாவ் ஜில்லா
1916 செப்டம்பர் 10

சிரஞ்சீவி தம்பி பிந்தாதீனுக்கு அண்ணியின் ஆசீர்வாதம். நீ அங்கே நலமாக இருந்தால் நாங்கள் இங்கே நலம். சுக்தேயி மரம் ஏறுவதில்லை. ஏறினால் நான் பார்க்காதபோது ஏறுகிறாள்.

உன் அண்ணாவின் கண்ணில் படலம் முழுதும் மூடிவிட்டது. வெளிச்சம், நிழல் அவ்வளவுதான் தெரிகிறதாம். உன் கடிதத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னார். கழுதை வந்த இடத்தில் மூன்று தரமும் சிரித்தார். சிதை விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லாமல் பர்மாக் கதைக்குப் போய்விட்டார். எண்ணூறு பிராமணச் சிப்பாய்கள் எண்ணூறு அடுப்பு மூட்ட, மலைமேலிருந்து புகையைப் பார்த்த எதிரி பத்தாயிரம் பேர் வந்திருப்பதாக நினைத்து ஓடினானே, அந்தக் கதை. ஒவ்வொரு தடவையும் எதிரி இன்னும் கொஞ்சம் தூரம் ஓடுகிறான்.

நல்ல செய்தி. சுக்தேயிக்கு வரன் முடிந்தது. கங்கைக்கு அக்கரை ராம்சேவக் தீட்சிதரின் பேரன். நம்மைவிட உசந்த குலம் என்பதை அவர்கள் மறக்கவுமில்லை, நம்மை மறக்க விடவுமில்லை. பையன் நல்லவன், படித்தவன். மாசியில் முகூர்த்தம். சித்தப்பா வந்து பல்லக்கைத் தொட்டுத் தூக்கிவிட வேண்டும் என்று அவள் இப்போதே சொல்கிறாள்.

அன்புள்ள,
அண்ணி


ஆஸ்பத்திரி முகாம்
1916 அக்டோபர் 22

அண்ணிக்கும் அண்ணாவுக்கும் பிந்தாதீனின் நமஸ்காரம். நலம். சுக்தேயி கல்யாணச் செய்தி கேட்டு மிக்க மகிழ்ச்சி. ஒரு சின்னச் சண்டையில் மணிக்கட்டு பிசகிவிட்டது. ஆகவே நண்பன் எழுதுகிறான். கவலைப்பட ஒன்றுமில்லை. இங்கே பேரீச்சம்பழம் நன்றாக இருக்கிறது. அண்ணாவின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கவும்.

பிந்தாதீன்


சுமேர்கேடா
1916 நவம்பர் 19

தம்பிக்கு ஆசீர்வாதம். தீபாவளிக்கு உன் பெயரில் ஒரு விளக்கு கிணற்றடியில் ஏற்றினேன்.

உன் நண்பனின் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறது, ஆனால் அதில் நீ இல்லை. முன்பெல்லாம் நாலு பக்கம் புலம்புவாய். இப்போது பேரீச்சம்பழம் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறாய். உன் வாயில் எதுவும் நன்றாக இருந்ததாக நான் கேட்டதே இல்லை. என் கைச் சமையலையே "பரவாயில்லை" என்று சொன்னவன் நீ.

பிசகின மணிக்கட்டு இந்நேரம் சரியாகியிருக்க வேண்டும். அடுத்த கடிதம் உன் கையால் இரண்டு வரி வரட்டும். உன் அண்ணாவிடம் எழுத்து மாறினதை நான் சொல்லவில்லை. அவர் பார்க்கவா போகிறார்?

அண்ணி


பம்பாய், ராணுவ ஆஸ்பத்திரி
1916 டிசம்பர் 27

அண்ணிக்கு நமஸ்காரம். கப்பலில் பம்பாய் வந்து சேர்ந்தேன். உடம்பு தேறி வருகிறது. கை இன்னும் எழுதும் நிலைக்கு வரவில்லை. குளிர் அதிகமில்லை. கடல் தாண்டினவர்களுக்கு இங்கே ஒரு பண்டிதர் கங்கை ஜலம் தெளித்து மந்திரம் சொல்கிறார். எனக்கும் தெளித்தார். அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

பிந்தாதீன்


சுமேர்கேடா
1917 ஜனவரி 8

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். நான் சௌக்கியமாக இல்லை.

பக்கத்து ஊர் துலாரே சுக்லா, உங்கள் பட்டாளத்துக்காரன், லீவில் வந்திருக்கிறான். நேற்று வாசலில் நின்று, நீ ஒரு கௌடன் அடுப்பில் சாப்பிடுகிறாய் என்றான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லையாம், மாசக் கணக்காகவாம். அவன் சுட்ட ரொட்டி, அவன் வடித்த சோறு. நெய்யில் பொரித்த பூரி என்றால் எவன் பொரித்தாலும் தோஷமில்லை என்று தள்ளிவிடலாம். ரொட்டியும் சோறும் அப்படியா? கடல் தாண்டினதற்குக் கங்கை ஜலம் போதும். அடுப்புத் தாண்டினதற்கு எந்த ஜலம் போதும்?

அவனிடம் ஏன் என்று கேட்டேன். "அதை அவனே எழுதட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.  நீ வீம்புக்கு மீறினவனாக இருந்தால் துலாரே அதைச் சந்தோஷமாகச் சொல்லியிருப்பான்.

இது அக்கரைக்குப் போனால் சுக்தேயியின் கல்யாணம் நிற்கும். உன் அண்ணாவுக்கு இன்னும் தெரியாது. கடிதம் படிக்கிறவள் நான்தானே. உண்மையை எழுது.

அண்ணி


பம்பாய்
1917 ஜனவரி 16

அண்ணிக்கு நமஸ்காரம். நீங்கள் சௌக்கியமாக இல்லாததற்கு நான் காரணம்.

எனக்கு வலது கை இல்லை. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிசகினது என்று எழுதச் சொன்னபோது ஹர்பூல் மறுத்தான், நான்தான் மிரட்டி எழுதவைத்தேன். சுக்தேயி கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒப்பாரி வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் யாரோ சமைத்துக் கொடுத்தார்கள். நான் தொடவில்லை. பாலும் கடலையுமாக இருந்தேன். ஒரு கையால் மாவு பிசைந்து பார்த்தேன். தாம்பாளம் சுற்றுகிறது, மாவு சுற்றுகிறது, நானும் கூடச் சுற்றுகிறேன். நம் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள். பார்த்துக் கண் கலங்கினார்கள். ஆனால் அவரவர் கோட்டுக்குள் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்தால் நானும் கலங்கியிருப்பேன், கோட்டுக்குள் இருந்திருப்பேன்.

ஹர்பூலுக்குக் கால் போய்விட்டது. அவன் கட்டையை ஊன்றி வந்து என் முன்னால் ரொட்டியை வைத்தான். "தின்னா ஜாதி போகும், தின்னலைன்னா உசுரு போகும். ரெண்டுல எதை உங்க அண்ணிக்கு எழுதறது சுலபம்?" என்றான்.

தின்றேன் அண்ணி. அழுதுகொண்டே தின்றேன். இரண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கினேன். அன்றிலிருந்து நான் தண்ணீரும் விறகும் கொண்டுவருகிறேன், அவன் சமைக்கிறான்.

பிந்தாதீன்

அண்ணிக்குக் கௌடன் ஹர்பூலின் வணக்கம். அன்றைக்கு இவன் தின்றது மூன்று ரொட்டி. இரண்டு என்று எழுதச் சொல்கிறான்.


சுமேர்கேடா
1917 ஜனவரி 29

தம்பி, உன் கடிதத்தை அடுக்களையில் வைத்துத் தனியாகப் படித்தேன். உனக்கு முதன்முதலில் சோறு ஊட்டினவள் நான். உன் சோற்றுக் கையே இல்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பருப்பு அடிப்பிடித்தது. உன் அண்ணா கூடத்திலிருந்து என்ன தீய்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இனி எழுதப்போவதை எந்த அண்ணியும் எழுதக் கூடாது. தீட்சிதர் வீட்டுச் சேதி கொண்டுவரும் நாவிதர் முந்தாநாள் வந்தார். முகூர்த்தம் பேச வந்தவர், போகும்போது மெதுவாக, "பட்டாளத்துச் சித்தப்பா வர்றாருங்களா? வந்தா எந்தப் பந்தியில உக்காருவாருன்னு பெரியவர் கேட்டுவரச் சொன்னாரு" என்றார். அக்கரைக்குச் செய்தி போய்விட்டது.

லீவு கிடைக்கவில்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

சுக்தேயி மஞ்சள் புடவைக்குச் சரிகை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணம் முடியட்டும் தம்பி. அதுவரை அங்கேயே இரு. பிறகு வா. பிராயச்சித்தம் எதுவானாலும் செய்வோம். என் மேல் கோபம் வந்தால் கோபித்துக்கொள். எனக்குப் பெண் ஒன்றுதான்.

அண்ணி


பம்பாய்
1917 பிப்ரவரி 6

அண்ணி, நமஸ்காரம். இது என் இடக்கை எழுத்து. கோணலாக இருக்கும். ஹர்பூலிடம் இதை எழுதச் சொல்ல முடியவில்லை. அவன் ரொட்டியால்தான் நான் வீட்டுக்குப் போகவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்.

கோபமில்லை. இருக்கிறேன். சுக்தேயிக்கு ஆசீர்வாதம்.

பிந்தா


சுமேர்கேடா
1917 பிப்ரவரி 13

சுபேதார் காளிகா பிரசாத் அவஸ்தி சொல்ல, அவர் மனைவி எழுதுவது. ஒரு சொல்லும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று உத்தரவு.

சிப்பாய் பிந்தாதீனுக்கு அண்ணனின் ஆசீர்வாதம். கண் போனது எனக்கு, காது போகவில்லை. ஆகஸ்டு மாதக் கடிதத்தில் மாவு, மணல், கழுதை என்று அழுதாய். அதற்குப் பிறகு வந்த கடிதம் எதிலும் அடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. முப்பது வருஷம் அந்தப் பட்டாளத்தில் இருந்தவன் நான். அடுப்பைத் திட்டாத கன்னோஜியச் சிப்பாயை நான் பார்த்ததில்லை. திட்டவில்லை என்றால் அவன் சமைக்கவில்லை. சமைக்கவில்லை என்றால் கைக்கு ஏதோ ஆகிவிட்டது. யாரோ போடுகிறான், இவன் சாப்பிடுகிறான். இவ்வளவும் எனக்குக் கார்த்திகை மாதமே தெரியும். கை பிசகியிருக்கும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று துலாரேயைக் கூப்பிட்டு அதட்டினேன், மீதியைச் சொன்னான்.

என் வீட்டில் அடுக்களைக்குள் அழுதால் கூடத்துக்குக் கேட்காது என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள். (இதையும் எழுதச் சொல்கிறார்.)

தனி அடுப்பு எதற்கு வைத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எவன் தயவிலும் சாப்பிடக் கூடாது என்பதற்கு. கை இருக்கிறவனுக்கு அது பெருமை, கை போனவனுக்கு அதுவே பட்டினி. எனக்கே கண் போனதிலிருந்து தட்டில் பருப்பு எங்கே ரொட்டி எங்கே என்று இவள் விரலைப் பிடித்துக் காட்டுகிறாள். நான் எந்த முகத்தோடு உன்னை விலக்குவேன்?

அக்கரைக்கு ஆள் அனுப்பிவிட்டேன். என் தம்பி கையை இழந்துவிட்டு வருகிறான், யார் அடுப்பில் சாப்பிட்டான் என்பதையும் மறைக்கவில்லை, அவன் என் பக்கத்தில்தான் உட்காருவான். எங்கள் சமையலில் சந்தேகம் உள்ளவர்களுக்கு மாவு, பருப்பு, நெய், விறகு தருகிறோம், மாந்தோப்பில் அவரவர் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லச் சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை.

கல்யாணம் நின்றாலும் நிற்கும். சுக்தேயியிடம் நானே சொன்னேன்.  அவள், "சித்தப்பாவுக்குப் பல்லக்கைத் தொட இன்னொரு கை இருக்கில்ல?" என்று கேட்டாள்.

உடனே புறப்படு. இது உத்தரவு.

காளிகா பிரசாத் அவஸ்தி, சுபேதார்

தம்பி, நான் கெஞ்சுகிறேன், வா. அண்ணி.


சுமேர்கேடா
1917 மார்ச் 14

பம்பாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பி ஹர்பூலுக்கு, பிந்தாதீனின் அண்ணி பகவந்தி எழுதுவது. உனக்கும் உன் புதுக் கட்டைக் காலுக்கும் சௌக்கியம் உண்டாகட்டும். இத்தனை மாதம் உன் எழுத்தைப் படித்தவள், இப்போது என் எழுத்தை நீ படி. உன் எழுத்தில் வராத கடிதம் ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. அது எதற்கு என்று அவன் உனக்குச் சொல்லமாட்டான். நீயும் கேட்காதே.

ஹோலி முடிந்து ஆறாம் நாள் எழுதுகிறேன். கல்யாணம் அதற்கு முன்பே நடந்தது. அக்கரையிலிருந்து கடைசிவரை பதில் வரவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரை ஊரில் எவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அன்றைக்குத்தான் பிந்தாதீன் வந்து சேர்ந்தான். முண்டாசுத் துணியால் கையை மூடிக்கொண்டு வாசலில் நின்றான். நான் எழுதினதை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவன்தான் முதலில், "அண்ணி, பசிக்குது" என்றான். அடுக்களைக்குள் கூட்டிப்போய் என் கையால் ஊட்டினேன். அதோடு எங்கள் அடுக்களையின் ஆசாரமும் போயிற்று. போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மேளச் சத்தம் கேட்டது. ஊர்வலம் வந்தது. அறுபது பேருக்கு மேல் இருக்கும். பெரியவர் ராம்சேவக் தீட்சிதர் எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. நேரே தோப்புக்குப் போய், "மாவும் விறகும் எங்கே?" என்று கேட்டார், அவ்வளவுதான். மரத்துக்கு மரம் அடுப்பு வெட்டினார்கள். நான் மொட்டை மாடி மறைவில் நின்று பார்த்தேன். தோப்புக்கு மேலே புகை கூரை மாதிரி நின்றது. கீழே பிந்தாதீனின் அண்ணா மூக்கை உயர்த்தி மோந்து பார்த்து, "நம்ம பட்டாளம் வந்து இறங்கிட்டுது" என்று சிரித்தார்.

பிறகு தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் தோப்புக்கு நடந்தார். எல்லார் நடுவிலும் ஓர் அடுப்பு வெட்டச் சொன்னார். ஒன்றுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கண் தெரியாத அந்த மனுஷர் மாவைப் பிசைந்தார். பிந்தாதீன் இடக்கையால் தண்ணீர் ஊற்றினான். "போதும்ணா, திருப்புங்க, இடப்பக்கம் தீயுது" என்று அவன் சொல்ல, அவர் திருப்பினார். ரொட்டி ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. சுற்றிலும் அறுபது பேர் தங்கள் கோட்டுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கு ஒன்பது அடுப்பு என்று நீ கேலி செய்தாயே, அன்றைக்கு இரண்டு கன்னோஜியர் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள்.

மாசிக் காற்று உனக்குத் தெரியும். பெரியவரின் அடுப்பு அணைந்துவிட்டது. மற்றதைப் பிந்தாதீன் சொல்லித்தான் தெரியும். அவர் எழுந்தார். ஒரு காய்ந்த வறட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் ஆட்களின் அடுப்புகளையெல்லாம் தாண்டி இவர்களிடம் வந்து நின்றார். "சுபேதார், கொஞ்சம் நெருப்பு குடுங்க" என்றார்.

இவர் கை மாவோடு நின்றுவிட்டது. "எங்க அடுப்புல இருந்தா?" என்று கேட்டார்.

"வேற எது நல்லா எரியுது?" என்றார் பெரியவர்.

பிந்தாதீன் இடுக்கியால் ஒரு தணல் துண்டை எடுத்து வறட்டியில் வைத்தான். பெரியவர் ஊதிக்கொண்டே திரும்பி நடந்தார். தீப்பெட்டி அவர் இடுப்பில் செருகியிருந்ததாம்.

அவர் கடைசிவரை எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.  ஆனால் சுக்தேயியின் பல்லக்கு எழும்பினபோது, சித்தப்பன் தொட்டுத் தூக்குவதற்கு நின்று வழிவிட்டார். அவள் திரைக்குள்ளிருந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

உங்கள் பட்டாளத்தைக் கலைத்துவிடப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். அது சர்க்கார் பாடு. நீ மாம்பழக் காலத்தில் இங்கே வா. தோப்பில் அந்த அடுப்பை நாங்கள் மூடவில்லை. வந்து உட்கார், போதும். ரொட்டி நீ சுட வேண்டாம். உன் சுபேதாருக்கு இப்போது கை பழகிவிட்டது.

உனக்கும் அண்ணியான,
பகவந்தி